குழாய்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
எங்கள் கட்டடத்தில் குழாய்க்கு வாயே உண்டு.
ஐந்து மாடிக்கும் ஒரே இரும்பு,
குளிருக்கு வெந்நீர் ஏற்ற சோவியத் காலத்தில் போட்டது.
கீழே ஒருவர் இருமினால்
மேலே ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இன்ஸ்பெக்டர் இங்குனா வாசலில் ஷூவைக் கழற்றினாள்.
இடது சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
அதைப் பார்த்தே பதில் சொன்னேன்.

ஆமாம், நான்காம் மாடி, என் தலைக்கு நேர் மேலே.
எவெலினா. பதினாறு வயது.
அம்மா அயர்லாந்தில், காளான் பண்ணையில்.
மாதம் ஒரு பார்சல் வரும்,
இரண்டு வயதுப் பிள்ளைக்கான சட்டைகளோடு.
ராய்விஸுக்கு வயது ஏழு வாரம்.
ஒரு பையன் ஸ்கூட்டரில் இரண்டு முறை வந்தான்.
இரண்டாம் முறை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அழுகையா?
எந்தக் குழந்தைதான் அழாது.
இது குழாய் வழியே இறங்கி
என் தலைமாட்டில் வந்து படுத்துக்கொள்ளும்.
தௌகவ்பில்ஸில் காலை ஐந்து மணி முதல் டிராம் என்னுடையது.
பிப்ரவரியில் ஒரு நாள் கண் அசந்து
சிவப்பு விளக்கைத் தாண்டினேன்.
ஒரு வாரச் சம்பளம் போயிற்று.
(இதை எழுதிக்கொண்டாள். ஏனென்று தெரியவில்லை.)

கேட்டதற்கெல்லாம் சொன்னேன்.
கேட்காமல் விட்டது, சூப் கரண்டி.

இரும்பில் மூன்று தட்டு.
அதற்கு லாட்விய மொழியும் வேண்டாம், ரஷ்யனும் வேண்டாம்.
மூன்று என்றால்: போதும், நிறுத்து.
நான் தட்டினால்
இரண்டாம் மாடி ஸ்பானரால் தட்டும்,
ஐந்தாம் மாடி ஸெனோன் கைத்தடியால்.
நடுவில் அவள்,
அடிக்கிற மணிக்குள்
தலையை விட்டவள் போல.

ஒரு முறை படிக்கட்டில் எதிரே வந்தாள்.
சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள்.
ஒரு கையில் குப்பைப் பை.
வெளியே பனி; அவள் காலில் குளியலறைச் செருப்பு.
நான் வாய் திறக்குமுன்
"மன்னிச்சுக்குங்க" என்றாள்.
அதற்குப் பிறகு
நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை.

"செவ்வாய் இரவு?"

அமைதி என்றேன்.
மூன்று மணி வரை அழுகை,
பிறகு சட்டென்று அமைதி.

இங்குனா மூக்கைச் சிந்தினாள். ஜலதோஷம்.
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
"அமைதியானதும் பயந்துபோய்
குழாயில் தட்டினேன் என்கிறாள். மூன்று முறை.
போனில் காசில்லை.
கதவைத் திறந்து கத்த வெட்கம்.
தட்டினால் இங்கே எல்லாருக்கும் புரியும்,
யாராவது வருவார்கள் என்று இருந்தாளாம்.
அப்போது இன்னும் மூச்சு இருந்திருக்கலாம்
என்கிறார் டாக்டர்.
தட்டினாளா இல்லையா என்பது
கோர்ட்டில் பெரிய விஷயம்.
உங்கள் காதில் விழுந்ததா?"

விழுந்தது.
திமிரைப் பார், என்று நினைத்தேன்.
எழுந்து, இருட்டில் கரண்டியைத் தேடி,
திருப்பித் தட்டினேன்.
இரண்டாம் மாடியும் தட்டியது.
ஐந்தாம் மாடியும்.

"இல்லை" என்றேன்.
இரண்டாம் மாடியும் இல்லை என்றது.
ஐந்தாம் மாடியும்.

போகுமுன் கட்டிலருகே போய்க்
குழாயைத் தொட்டாள்.
பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரியும் இடம்,
ஒரு நாணய அளவு.
கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
ஷூ மாட்ட நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.
நான் விளக்கைப் போட்டு நின்றேன்.
சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் இருந்தது.

விசாரணை மே மாதம்.
என் தடம் நீதிமன்ற வாசலைத் தொட்டுத்தான் போகிறது.
முதல் டிராமில் அங்கே இறங்குகிறவர் கிடையாது,
நிற்க வேண்டும் என்று விதியும் இல்லை.
நிறுத்துகிறேன்.
கதவு திறக்கிறது, குளிர் ஏறி உட்காருகிறது.
பின்னாலிருந்து யாரோ பொறுமையிழந்து
கம்பியில் மோதிரத்தால் தட்டுகிறார்கள்.