பதினொரு கிலோ

விருது என்றால் உங்களுக்கு மேடை தெரியும்.
எனக்கு அதன் அடிப்பாகம்.
யாரும் பார்க்காத அந்த நாலு விரல் வட்டத்தைத்தான்
கடைசியாகத் தேய்ப்போம்,
மேசைமேல் ஆடக் கூடாதென்று.

எண்பத்து நாலு. கிருஷ்ணகிரி அப்போது
தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்தது.
மாங்கூழ் ஆலை வைத்திருந்த திம்மராயப்பா
ஏதோ படத்துக்குப் போய்
இடைவேளைக்குப் பிறகு துண்டு நனைய அழுதுவிட்டு
மறுவாரமே அறிவித்தார்:
ஆண்டின் சிறந்த சோக நாயகிக்குக் கருங்கல் சிலை,
ஐயாயிரம் ரூபாய், ஒரு கூடை மல்கோவா.
வருடா வருடம். மா காய்த்தால்.

காய்த்தால் என்பது விதி, நோட்டில் எழுதியிருக்கிறது.
எண்பத்தேழில் தத்துப்பூச்சி விழுந்து பூ கருகியது.
அந்த வருடம் யாரும் சிறப்பாக நடிக்கவில்லை.

சிலை எப்படி இருக்கணும் என்று சின்னபோயன் கேட்டதற்கு
கமிட்டி சொன்னது: தலை குனிந்து.
கை?
முகத்தை மூடி.
மூக்கு செதுக்கும் வேலை மிச்சம் என்றார் அவர்.

உளி அவருடையது. பாலிஷ்
என்னுடையதும் முனிரத்தினம்மாவுடையதும்.
ஒரு சிலைக்கு மூன்று நாள், நாளுக்குப் பதினெட்டு ரூபாய்.
தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது
விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருக்கும்.
பழந்துணியால் ஒற்றுவோம்.

முதல் ஐந்து பேரும் கடைசி ரீலில் செத்தவர்கள்.
சந்திரவதனி பிரசவத்தில்.
மாதுரிபாலா புருஷனுக்கு வந்த குண்டைத் தான் வாங்கி.
(மேடையில் தெலுங்கிலேயே பேசினாள்,
பாதி ஊருக்கு நன்றாகவே புரிந்தது.)
குமுதினி இருமி இருமி, கைக்குட்டையில் சிவப்பு மை.
அந்தப் படம் விட்டு ரவுண்டானா வரை நடந்து வருகையில்
முனிரத்தினம்மா நின்று மூச்சை இழுத்துக் காட்டினாள்:
"இப்பிடி நெஞ்சுல இருந்து வராதுடி.
விலாவுல இருந்து வரும். அப்பறம் பேச்சே வராது.
அவ நாலு பக்கம் வசனம் பேசறா."
நான் சிரித்தேன்.
கல்தூசி என்ற வார்த்தையை
அப்போது எங்களில் யாரும் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றில் கமிட்டிக்குள் சண்டை.
அபரஞ்சி கோர்ட் கூண்டில் நின்று
கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் பேசி முடித்து
வீட்டுச் சாவியை மாமியாரிடம் நீட்டிவிட்டுப் போகிறாள், படமும் முடிகிறது.
இது எப்படிச் சோகம் என்றார் ஒருவர்.
செத்தாளா, அதைச் சொல் என்றார் பொருளாளர்.
ராத்திரி பதினொரு மணிக்கு நாலுக்கு மூன்று.
இரண்டு பேர் ராஜினாமா.

வந்தாள். பள்ளிக்கூட மைதானம்.
சிலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, கூட்டம் சிரித்தது.
மைக்கில் கேட்டாள்:
"இந்தம்மா முகத்தை யாராவது பார்த்திருக்கீங்களா?"
அரைநாள் கூலியை விட்டுப் பின்வரிசையில் நின்ற நாங்கள்
கை தூக்கினோமா, நினைவில்லை.
தூக்கியிருந்தால் பொய்.
கைக்குப் பின்னால் வெறும் கல்தான்.

முனிரத்தினம்மா தொண்ணூற்றாறில்.
சேலம் ஆஸ்பத்திரியில் காசம் என்று எழுதினார்கள்.
வசனம் ஒன்றும் இல்லை.
டம்ளரைக் காட்டினாள்,
நான் எடுத்துக் கொடுப்பதற்குள் வேண்டாமென்றாள்.

திம்மராயப்பாவுக்குப் பிறகு மகன் ஆலையை விற்றார்.
கடைசிச் சிலையை வாங்க ஆள் வரவில்லை;
படப்பிடிப்பு என்று சென்னையிலிருந்து தந்தி.
அது பட்டறையிலேயே நிற்கிறது.
நான் இப்போது அங்கே பெருக்குகிறேன்.

தராசில் சந்தேகம் வந்தால்
சூப்பர்வைசர் அதைத்தான் தூக்கி வைப்பார்.
பதினொரு கிலோ, எல்லோருக்கும் தெரியும்.
நேற்று பத்து எழுநூறு காட்டியது.
தராசைத்தான் திருத்தினார்கள்.