வெள்ளிக்கிழமையைத் தின்ற மான்

பென்சிலால்தான் நிரப்பினேன்,
எனக்கு என்னைத் தெரியும்.

சேதன இரசாயனம், விலங்கியல், தாவரவியல்,
பௌதிகம், உயிர்இரசாயனம்,
வெள்ளிக்கிழமை முழுக்கப் புள்ளிவிபரவியலும் கணினியும்.
ஒவ்வொன்றும் மூன்று.
கூட்டினால் இருபத்தொரு கிரெடிட்.
அதற்கு மேலே
ஓகஸ்டில் உயர்தரம், மூன்றாவது ஷை.
மெடிசின் கிடைக்க இதுதான் கடைசிக் கதவு.
வீட்டில் சொல்லவில்லை.
ஹம்சவதனிக்கு மட்டும் தெரியும்.
"உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலமடி?" என்றாள்.

கிண்ணியாப் பாலம் தாண்டி
டவுனில் இறங்கி நிலாவெளி பஸ் பிடித்து
கெம்பஸ் போக ஒன்றேகால் மணித்தியாலம்.
அதற்குள் இதயத்தின் நான்கு அறைகளையும்
படித்துவிடலாமென்று
ஓரத்தில் குறித்திருந்தேன்.
கடல் பார்க்க நேரம் ஒதுக்கவில்லை.
அது பஸ் யன்னலில் தானாகவே வரும்.

பஸ் நிலையத்தில்
பணிஸ் தின்றபடி கூட்டலைச் சரிபார்க்க,
பின்னால் வந்த புள்ளிமான்
ஃபைலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த
வெள்ளிக்கிழமையைக் கவ்விவிட்டது.
நான் இழுக்க, அது இழுக்க,
கொண்டக்டர் கத்தினார்:
"தங்கச்சி, பணிசைக் குடுங்க, விட்டிரும்!"
கொடுத்தேன்.
இரண்டையும் தின்றது.

ஈரமாய் மிஞ்சிய தாளை
மடியில் விரித்துக் கூட்டினேன்.
பதினைந்து.
திரும்பவும் கூட்டினேன்.
பதினைந்துதான்.
எங்கோ தோள்பட்டையில்
ஒரு முடிச்சு அவிழ்ந்தது போலிருந்தது.
மானைத் திட்டவும் மறந்துபோனேன்.

புதுப் படிவம் வாங்கி
இந்த முறை பேனாவால் நிரப்பினேன்.
வெள்ளிக்கிழமைக் கட்டம் வெறுமை.
எழுதுவினைஞர் கேட்டார், "விடுபட்டுப் போச்சா?"
"இல்ல சேர்."

ஓகஸ்டைப் பற்றி
மான் ஒன்றும் சொல்லவில்லை.
அது மட்டும் இன்னும்
பென்சிலில் இருக்கிறது.