மீன் வடிவ ஹப்

குத்தாயிசி நகரம், ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ருசிக்கோவின் கால்நடை மருத்துவமனை.
இரவு பதினொன்றரை.
கூண்டில் ஒரு காவல் நாய், கழுத்தில் பிளாஸ்டிக் புனல்.
மேசையில் ஒரு கணினி, வயது பதினான்கு.
இரண்டும் என்னையே பார்க்கின்றன.

எக்ஸ்ரே தட்டு விற்ற கம்பெனி
புது மென்பொருள் அனுப்பியது.
மென்பொருள் புது இயங்குதளம் கேட்டது.
இயங்குதளம் புதுக் கணினி கேட்டது.
புதுக் கணினி கேட்ட விலையை
மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டிய ருசிக்கோ
சீட்டை நாலாய் மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
"பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்தானே நுக்ரி,
ஏறாததை ஏற்றத் தெரியாதா உனக்கு?"

வந்துவிட்டேன்,
ஊர் பேர் தெரியாத யார் யாரோ
தூக்கம் கெட்டு எழுதிய ஒட்டு நிரலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு.

நிறுவும் கோப்பு பழுதடைந்துள்ளது என்றது.
வீட்டுக்கு நடந்துபோய் மறுபடி இறக்கி வந்தேன்.
அதுவும் பழுதாம்.
பாலத்தில் மூன்றாம் முறை திரும்புகையில் மழை.
அப்புறம்தான் திரையின் மூலையைப் பார்த்தேன்:
2001, ஜனவரி ஒன்று.
உள்ளே பொத்தான் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது.
சான்றிதழ்கள் எவையும் பிறந்திராத ஒரு காலத்தில்
பாவம், தனியாக உட்கார்ந்திருக்கிறது.
அந்த ஜனவரியில் எங்கள் வீட்டில்
மண்ணெண்ணெய் அடுப்பு, மெழுகுவர்த்தி,
எப்போது வரும் என்று சொல்ல முடியாத மின்சாரம்.
நான் திரும்பிப் போக விரும்பாத தேதி அது.
இன்றைய தேதியைத் தட்டினேன். நம்பியது.

அடுத்து, சாம்பல் திரை நடுவில்
ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு.
தெருவில் எத்தனை முறை இதை மீறி ஓட்டியிருப்பேன்!
இங்கே போலீஸே இல்லாமல் நின்றேன்.
பென்டிரைவைப் பக்கத்துத் துளையில் செருகினேன், வழிவிட்டது.
ஏன் என்று கேட்காதீர்கள்.

நிரல் கணினியின் காதில் ஒரு பொய் சொன்னது:
நீ இந்த மாடல் இல்லை,
உனக்குப் பின்னால் பிறந்த இன்னொன்று.
ஆப்பிள் சின்னம், அதன் கீழே மெதுவாய் நிறையும் கோடு.
பிறகு வரவேற்புத் திரை.
மொழியைத் தேர்ந்தெடு என்கிறது,
மவுஸ் அசையவில்லை.
விசைப்பலகையில் உயிரில்லை.
அணைத்துப் போட்டேன், பழைய குருடி கதவைத் திறடி.
ஐந்தாம் முறை நாய் எழுந்து
எனக்கு முதுகு காட்டிப் படுத்தது.

இரவுப் பணியாளர் சித்தினோ, தேநீரோடு வந்தவள்,
தன் போனுக்குச் சார்ஜ் ஏற்ற
இழுப்பறையிலிருந்து ஒரு யூ.எஸ்.பி ஹப் எடுத்தாள்.
மீன் வடிவம். பூனைத் தீனிக் கம்பெனி
புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒரு கண் உதிர்ந்திருந்தது.
எனக்குப் பொறி தட்டியது.
இந்தப் பழைய துளைகள் பேசும் மொழியைப்
புதியவன் மறந்துவிட்டான்,
நடுவில் ஒரு துபாஷி வேண்டும்.
"சித்தினோ, அந்த மீனைக் கொடு."
மீனின் வாயில் மவுஸ், விலாவில் விசைப்பலகை.
அம்புக்குறி துடித்து நகர்ந்தது.
நான் கத்தியதில் மாடியில் யாரோ தரையை இடித்தார்கள்.

நாலு மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது.
எல்லாம் என்றால், வைஃபை இல்லை.
ஜன்னலை இழுத்தால் அதன் நிழல் அரை நொடி தாமதித்து வருகிறது.
"புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவவா?"
என்று வலது மூலையில் ஒரு சீட்டு எட்டிப் பார்க்கிறது.
அந்த மூலையில் காயத்துக்கு ஒட்டும் நாடாவை ஒட்டி
'தொட்டால் கையை உடைப்பேன்' என்று எழுதினேன்.

ருசிக்கோ கோட்டைத் தோளில் போட்டபடி வந்தாள்.
திரையில் நாயின் இடுப்பு, வெள்ளையும் சாம்பலுமாய்,
கிண்ணத்தை விட்டு நழுவிய எலும்பு.
பெரிதாக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.
திபிலிசி சர்ஜன் பத்து வயதைத் தாண்டிய நாய்க்குக்
கத்தி எடுக்கமாட்டார்.
படிவத்தில் வயது என்ற கட்டத்தில்
மீன் வழியாக, ஒற்றை விரலால்,
ஒன்பது என்று தட்டினாள்.

நான் குனிந்து
மேசைக்கடியில் கம்பிகளைச் சுற்றத் தொடங்கினேன்.