அறுநூற்றிருபது கிலோ

விமலதாச சவப்பெட்டி செய்தவர்.
அதை அவர் மறைக்கவில்லை.
பண்டாரவளையில், ஸ்டேஷனுக்குக் கீழே
தகரக் கொட்டிலுக்குள் நின்றது பிளேனர்:
பன்னிரண்டு அங்குல வாய்,
வார்ப்பிரும்பு மேசை,
அதன்மேல் கோழி எச்சம்.

மட்டக்கோலைக் குறுக்கே வைத்து
அடியில் ஐந்நூறு ரூபாய்த் தாளைச் செருகினேன்.
மூன்று மூலையிலும் பிடித்தது,
நான்காவதில் வழுக்கிப் போனது.
"மொறட்டுவையில் எத்தனை வருஷம்?" என்றார் சிங்களத்தில்.
பதினொன்று என்றேன்.
அதன்பிறகு
யாருக்காக வாங்குகிறேன் என்று அவர் கேட்கவில்லை.
மூன்று எண்பது சொன்னவர்
வழுக்கிய மூலைக்கு நாற்பதைக் குறைத்தார்.
பில்லில் என் பெயரை
எழுத்துக்கூட்டி, அடித்து, மறுபடி எழுதினார்.

நட்டுகள் அசையவில்லை.
டீசல் ஊற்றி ஓர் இரவு விட்டோம்.
காலையில் ஏழு கழன்றன.
எட்டாவது
தம்பி பத்மகாந்தனின் முழங்கைத் தோலோடு வந்தது.
எந்தத் துண்டு எங்கே என்று
சோக்கட்டியால் இலக்கமிட்டேன்.
மழை வந்து ஐந்தையும் ஆறையும் அழித்தது.

நிஸ்தாரின் லொறி மரக்கறி ஏற்றுவது.
வெலிமடைக்கு இறங்கி, நுவரெலியாவுக்கு ஏறி,
நானுஓயா வளைவுகளில் பனிக்குள்
கோர்ன் அடித்துக்கொண்டே போனோம்.
"லீக்ஸ் சரிஞ்சா பொறுக்கலாம் அக்கா,
இது சரிஞ்சா
எங்களைத்தான் பொறுக்கணும்."
தலவாக்கலை வரைக்கும் அவன் பாட்டுப் போடவில்லை.

கொட்டகலையில் மேல் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு
அறுபத்து மூன்று படி.
டர்பன்டைன் மரத்தில் செயின் புளொக்கைக் கட்டி
சிலிப்பர் கட்டைகளைச் சறுக்காகப் போட்டு இறக்கினோம்.
அஞ்சப்பன் சங்கிலி விட, கிளமெண்ட் ஆப்பு வைக்க,
நான் முன்னால் நின்று
கையை மட்டும் அசைத்தேன்.
நாற்பத்தோராம் படியில் அது
கேட்காமலே ஒரு படி இறங்கி நின்றது.
யாரும் பேசவில்லை.
மரப்பட்டை நெரிந்த வாசம் மட்டும்
மருந்துக்கடை மாதிரி வந்தது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள்
கூடையோடு வரிசையாக நின்றார்கள்.
"எத்தனை கிலோ?"
"அறுநூற்றிருபது."
"கழிவு போகவா, போகாமலா?" என்றாள் ராஜமலர்.
அஞ்சப்பன் சிரித்த சிரிப்பில்
சங்கிலி கைவிட்டுப் போயிருக்கும்.

இருட்ட முன்னம் பீல்ட் ஒபிசர் வந்தார்.
கொட்டிலைப் பார்த்தார். சீமெந்து மூட்டையைப் பார்த்தார்.
"கொங்கிரீட் போட ஏலாது. தோட்டத்துக் காணி."
தெரியும் சேர்.
"இது நிரந்தரமா?"
இல்லை சேர், தற்காலிகம்.
அவருக்குப் பின்னால் இருந்த அறையில்தான்
என் அப்பாவின் தாத்தா
தற்காலிகமாகக் குடிவந்தார்.
சீமெந்து மூட்டையை அக்கா வீட்டுக்குக் கொடுத்தேன்,
கோழிக்கூட்டுக்கு. அதற்கு அனுமதி தேவையில்லையாம்.

சிலிப்பர் கட்டைகளின் மேலேயே இருத்தினோம்.
பத்மகாந்தனின் மகன் மேசையில் போளை ஒன்றை விட்டான்.
அது அந்த நான்காவது மூலைக்கு ஓடியது.
தேயிலைப் பெட்டித் தகரத்தை மடித்துக் கட்டைக்கடியில் செருக
மெதுவாக ஓடியது.
இன்னொரு மடிப்பு. நின்றது.

மோட்டர் மூன்று பேஸ், லயத்துக்கு வருவது ஒன்று.
வேறு மோட்டருக்கு
அடுத்த சீட்டு விழ வேண்டும்.
அதுவரை சும்மா நிற்கட்டும்.
பில்லை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.
வீட்டுக்கு உறுதி இல்லை, காணிக்கு இல்லை.
இதற்கு இருக்கிறது: தேதி, முத்திரை,
அடித்து எழுதிய என் பெயர்.

எல்லாரும் போனபிறகு
பட்டியைப் பிடித்துக் கையால் சுற்றிப் பார்த்தேன்.
பெயாரிங் முனகவில்லை.
தொண்டையிலிருந்து ஒரு சீவல் விழுந்தது.
மகோகனி, முழுச் சுருள்.
யாருடைய பெட்டியோ.
கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
பிறகு அடுப்பு அணைந்து கிடந்தது ஞாபகம் வந்தது,
நாலு பேர் வேலை செய்த வீட்டில்
இன்னும் யாருக்கும் பிளேன்டீ கொடுக்கவில்லை என்பதும்.
ஒரே குச்சியில் பற்றியது.