கீழ்த்தாடை, இடப்பக்கம்

நாற்பத்திரண்டாம் வயதில் வந்தது ஞானம்,
அதுவும் படுத்துக்கொண்டு.
எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் கூஸ்வாயோ காட்டினார்:
பேருந்தில் இரண்டு பேர் இடத்துக்குக் கால் நீட்டியவன் மாதிரி
பக்கத்துப் பல்லை உதைத்தபடி
கிடந்தது ஞானப்பல்.

மூன்று மாதம் ஏமாற்றியிருந்தேன்.
கிராம்பு, உப்புத் தண்ணீர்,
மச்சான் சாக்ரன் பேச்சைக் கேட்டு ஒரு மடக்கு பிராந்தி.
விழுங்காமல் அடக்கி வை என்றான்,
விழுங்கிவிட்டேன்.
வலப்பக்கமே மென்று, வலப்பக்கமே படுத்து,
பாதி அறைகளைப் பூட்டிய வீடாக
வாயை வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை
இரண்டு விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லை.
அப்புறம்தான் விடுப்புக் கேட்டேன்.

சாட்ஸ்வர்த்தில் மாடியில் கிளினிக்,
கீழே பன்னி சாவ் கடை.
காலை பத்து மணிக்கே ஆட்டுக்கறி மசாலா
படியேறி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது.
படிவத்தில், தொழில் என்ற இடத்தில்,
குமாஸ்தா என்று எழுதினேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

ஊசி மூன்று.
உதடு போனது, நாக்கில் பாதி போனது,
கன்னம் வேறு யாருடையதோ ஆனது.
எலும்புக்குள் கேட்கிற சத்தம்
காது வழியாக வருவதில்லை.
பல்லை இரண்டாக அறுத்து,
ஒரு துண்டு தட்டில், ஒரு துண்டு இன்னும் உள்ளே,
அப்போது

கரண்ட் போனது.

துளைக்கருவி கொசுவாய் முனகி அடங்கிற்று.
"இன்னிக்கு அட்டவணையிலேயே இல்லையே" என்றாள் உதவிப்பெண்.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது,
மூன்றாம் முறை அதுவும் இல்லை.
பஞ்சைக் கடித்திருக்கச் சொல்லிவிட்டு
டாக்டர் கைபேசியில் மாநகராட்சியின் மின்பழுது எண்ணை அழுத்தினார்.
ஸ்பீக்கரில் போட்டு
என் மார்பில் விரித்த துண்டின் மேல் வைத்தார்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
தயவுசெய்து பொறுத்திருங்கள்."

நான்.

போன மார்ச்சில், கம்பளம் ஒட்டிய சின்ன அறையில்
பதினோரு முறை சொல்லிப் பதிந்தது.
சிரித்த முகமாகச் சொல்லுங்கள்,
சிரிப்பு காதில் விழும் என்றார்கள்.
ஸூலுவுக்குத் தாண்டெகா, ஆங்கிலத்துக்கு நான்.

வரிசையில் நாற்பத்தேழாவது அழைப்பு.
இசை. நான். இசை. மறுபடி நான்.
கையுறையை உருவிக்கொண்டே டாக்டர் சொன்னார்:
"இந்தப் பொம்பளையை ஒரு நாள்
இதே நாற்காலியில் உட்கார வைக்கணும்.
ஊசி போடாமல்."

சிரிப்பு வந்தது.
சிரிக்கிற உதடு எங்கே என்று தெரியவில்லை.
கடைவாய் ஓரம் சிவப்பாய் வழிந்ததும்
அழாதீங்கக்கா என்று
உதவிப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருபது நிமிடம்,
என் மார்பின் மேலிருந்து என் குரல்
எனக்குப் பொறுமை சொல்லியது.
அழைத்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள்:
உலையில் பாதி வெந்த சோறு,
அப்பாவுக்கு ஆக்சிஜன் என்று ஒருவர்,
கோழிக்குஞ்சுகள் குளிரில் விறைக்கின்றன என்று
இரண்டு இரவு தொடர்ந்து ஒருத்தி.
கணினியில் அதற்கெல்லாம் ஒரே கட்டம் உண்டு:
மற்றவை.

முப்பத்தொன்பதாவது வரை வந்து இணைப்பு அறுந்தது.
"போதும்" என்றார் டாக்டர்.
உதவிப்பெண் டார்ச் பிடிக்க
நெம்பி, திருகி, தன் முழங்கையை என் தோளில் ஊன்றி,
மூச்சு வாங்க எடுத்தார்.
தட்டில் விழுந்த சத்தம் புளியங்கொட்டைச் சத்தம்.
அவ்வளவுதான். இதற்கா மூன்று மாதம்.

விடுப்புச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார்.
"எங்கே வேலை?"
சொன்னேன். பஞ்சும் எச்சிலுமாக ஏதோ வந்தது.
"மறுபடி?"
மறுபடி சொன்னேன்.
பிறகு விரலை உயர்த்தி, மேலே,
எப்போது வந்ததென்று யாரும் பார்க்காமல்
எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கைக் காட்டினேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
"அட, ஆமாம்" என்றார்.
"வந்துவிட்டது."