தரைக்குக் கீழே பத்து மீட்டர்

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குப்
போன வசந்தம் வரை ஒரு வாய் இருந்தது.
பத்து தெத்ரிக் காசை அதில் போட்டால்
இருமிக்கொண்டே ஒன்பதாம் மாடிக்கு ஏற்றிவிடும்.
காசில்லாதவரும் ஏறலாம், காலால்.

நாலாம் மாடி நுக்ஸார் மட்டும்
காசில் ஓட்டை போட்டு நூல் கட்டி வைத்திருந்தார்.
போடுவார், மணி அடிக்கும்,
இழுத்துச் சட்டைப்பையில் விடுவார்.
பதினேழு வருடம், ஒரே காசு.
மீனும் வந்து, இரையும் கெடாமல் திரும்பும் தூண்டில்.
எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.
புத்தாண்டுக்கு ஒயின் கொண்டுவருவது அவர்தான்.

பிறகு திபிலீசிக்கு முன்னேற்றம் வந்தது.
க்ல்தானியில் அது முதலில் எங்கள் வாசலில் இறங்கியது:
டை கட்டிய இரண்டு பையன்கள்,
ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு செயலி.
மாதம் ஐந்து லாரி.
லாரி என்பது எங்கள் பணம், பாரவண்டி அல்ல, பயப்படாதீர்கள்.
பெயர் கேட்டது, கொடுத்தேன்.
பிறந்த தேதி கேட்டது, கொடுத்தேன்.
தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்றது.
நான் மேலே போவதற்கு
என் பல் டாக்டரின் நம்பர் எதற்கு?
கையில் நாலு கிலோ உருளைக்கிழங்கு இருந்தது.
சுதந்திரத்தைப் பற்றி யோசிக்கிற எடை அல்ல அது.
'அனுமதி'யை மூக்கால் தொட்டேன்.

இப்போது இறங்கியதும் கேட்கிறது:
பயணம் எப்படி இருந்தது?
கதவு மூடியது. கதவு திறந்தது.
நடுவில் என் முகத்தை நானே
கண்ணாடியில் பார்க்கவேண்டி இருந்தது.
மூன்று நட்சத்திரம்.

ஆறாம் மாடி எதேரி ஐந்துக்குக் குறைத்துப் போடுவதில்லை.
குறைத்தால் வழியில் நிறுத்திவிடுமாம்.
என் முதல் புருஷனும் இப்படித்தான்,
முடிந்ததும் கேட்பான், என்கிறாள்.
எது முடிந்ததும் என்று நான் கேட்கவில்லை.

நிறுத்தத்தான் செய்தது.
மார்ச் மாதம், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்,
அவளையும் என்னையும் ஒரு கேக்கையும்.
அவசரப் பொத்தானை அமுக்கினேன்.
தேன் தடவிய குரல் ஒன்று
செயலியின் பதிப்பு பழையது, புதுப்பியுங்கள் என்றது.
உள்ளே சிக்னல் இல்லை.
சிக்னலுக்கு வெளியே வரவேண்டும்.
வெளியே வரப் புதுப்பிக்கவேண்டும்.
எதேரி டப்பாவைத் திறந்தாள்.
மருமகளுக்கு வாங்கிய கேக்,
அதனால் ரசித்து, நிதானமாகத் தின்றாள்.
எனக்கும் ஒரு மூலை கிடைத்தது.

நாற்பத்தோரு நிமிடம் கழித்து நுக்ஸார் வந்தார்,
சூப் கரண்டியோடு.
கதவிடுக்கில் நுழைத்து நெம்பினார்.
கரண்டிக்கு இன்னும் யாரும் கடவுச்சொல் வைக்கவில்லை.
எதேரியைக் கைபிடித்து இறக்கினார்.
நானாகக் குதித்தேன்,
மீதி மாடிகளை நடந்தே ஏறினேன்.

அவர் இன்றுவரை செயலியை இறக்கவில்லை.
எதேரி கடையிலிருந்து வரும் நேரம் அவருக்கு மனப்பாடம்.
அவள் போனை நீட்டுவாள், கூடவே நுழைந்துகொள்வார்.
நாலில் இறங்கவேண்டிய மனிதர்
ஆறு வரை போய்
இரண்டு மாடி நடந்து இறங்குகிறார்.
கேட்டால், சிக்கனம் என்கிறார்.
அவள் போடும் ஐந்து நட்சத்திரம் யாருக்கென்று
செயலிக்குத் தெரியாது.

எனக்கு மாதக் கடைசியில் அறிக்கை வந்தது,
வாழ்த்துகள், பலூன் படம், வரைகோடு:
நீங்கள் மேலே சென்றது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு மீட்டர்.
கீழே வந்தது ஆயிரத்து இருநூறு.
நடந்து ஏறியது எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆக, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து
நான் தரைக்குக் கீழே பத்து மீட்டரில் குடியிருக்கிறேன்.
பால்கனியில் துணி காய்கிறது,
தூரத்தில் மலை தெரிகிறது,
ஆனாலும் கணக்கு கணக்குதான்.
இன்று காலை
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கு விளம்பரம் வந்தது,
நிலவறைவாசிகளுக்கு இருபது சதவீதத் தள்ளுபடி.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.