நூற்றைம்பது லக்ஸ்

ஓவியத்துக்கு நூற்றைம்பது லக்ஸ்,
ஒரு சொட்டு கூடினாலும் வேலை போகும் என்றான் ரோமெல்.
மூன்று மாதத்துக்கு மனாமாவுக்கு வந்திருக்கும்
விருந்தாளி அது.
பெட்டியிலிருந்து எடுத்தவர்கள் கையுறை போட்டிருந்தார்கள்.
நான் ஏணி போட்டேன்.

ஒரு வீட்டின் உள்ளறை.
மேசை. ஆரஞ்சு உரிக்கும் ஒருத்தி.
வலப்பக்கம் சட்டம் பாதியில் அறுத்துவிட்ட நாற்காலி.
படமெடுக்கத் தெரியாதவன் எடுத்ததுபோல
அவளை இடது மூலைக்குத் தள்ளிவிட்டு
நடுவில் வெறும் தரையை வைத்திருக்கிறான்.

மேசைவிரிப்பை வெள்ளை என்றுதான் நினைத்தேன்.
விளக்கின் முகத்தை ஒரு விரற்கடை திருப்பியதும்
வெள்ளையைக் காணோம்.
வடித்த கஞ்சி ஆறும்போது ஓரத்தில் தெரியும் நீலம்,
சங்கின் வாய்க்குள் இருக்கும் ரோசா,
பழத்துக்குப் பக்கத்தில் மட்டும்
பழத்திடம் கடன் வாங்கிய மஞ்சள்.
மேசைக்கடியில் நிழல் கருப்பு இல்லை,
கத்தரிப்பூ.

ஏணியில் ஏறினால் அவள் இல்லை.
தடித்த சாயத் திட்டுகள்,
தூரிகை இழுத்த மயிர்க்கோடுகள்.
ஆறு படி இறங்கி எட்டடி பின்வாங்கினால்
உரித்துக்கொண்டிருக்கிறாள்.
இருபது தடவை ஏறி இறங்கினேன்.
கண்ணைக் கூசும் பளபளப்பு போகவில்லை என்று
ரோமெலிடம் சொன்னேன்.
நாலாவது தடவையே போய்விட்டது.

குதைபியா அறையில் இரவு ஏழரை.
கீழ்க்கட்டிலில் நஜிமுதீன், நைட் ஷிப்டுக்கு முந்தைய தூக்கம்.
சத்தம் குறைத்து ரெக்சலினை அழைத்தேன்.
போனை உப்பு ஜாடிமேல் சாய்த்திருக்கிறாள்.
திரையின் ஓரத்தில் ஒரு காது, கம்மல், பாதிக் கன்னம்.
நடுவில் தரை.
நகர்ந்து உட்காரு என்று
எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்.
இன்று சொல்லவில்லை.

நெட் விழுந்தது.
கட்டம் கட்டமாக உடைந்தாள்,
மஞ்சள் நைட்டி ஒரு திட்டு, முடி ஒரு திட்டு.
கையை நீட்டிப் போனைத் தூரமாகப் பிடித்தேன்.
ஓரளவு சேர்ந்தாள்.

“தெரியுதா?”

தெரியுது. மேசைக்கு அடியில பாரு, கத்தரிப்பூ நிறம்.

குனிந்து பார்த்தாள்.
“டியூப்லைட் போகப்போகுது. ஸ்டார்ட்டர் மாத்தணும்.”

அப்புறம் பால் பொங்கும் சத்தம்,
எழுந்து போனாள்.
ஒருக்களித்த பின்கதவு,
அதன் வழியே பக்கத்து வீட்டு வெளிச்சம்
தரையில் ஒரு பட்டை, கொஞ்சம் பச்சையாக.
பாதி நாற்காலி.

நான் துண்டிக்கவில்லை.
பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி,
நாற்பத்தொன்று என்று
மேலே ஓடிக்கொண்டிருந்தது.